வெள்ள நிவாரணமாக வந்த மலைப்பூண்டு

1

இந்த நாட்டில் என் பெயருக்குக் கடிதம் வருவது அபூர்வம். மின்கட்டணம் மருமகன் பெயருக்கு வரும். வீட்டுவரி மகள் பெயருக்கு வரும். பல் மருத்துவரின் நினைவூட்டல்கூடப் பேத்தி நிலா பெயருக்குத்தான் வரும். அதனால் போன வாரம் தபால் பெட்டியில் என் முழுப்பெயர், தகப்பனார் பெயரோடு அச்சடித்த உறை ஒன்று கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. சமையலறை மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன்.

வெளிநாட்டு விதை, செடிகளைத் தடுத்து நிறுத்துகிற குவாரண்டைன் அலுவலகக் கடிதம். இந்தியாவிலிருந்து எனக்கு வந்த பொட்டலம் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அதனுள் முளைக்கக்கூடிய பூண்டு இருக்கிறதாம். ஆஸ்திரேலியாவுக்குள் அதை விடமுடியாது. என் செலவில் திருப்பி அனுப்பலாம், அல்லது அழிக்கச் சம்மதிக்கலாம். பதில் வராவிட்டால் உரிமை கோரப்படாத பொருளாகக் கருதி அவர்களே அப்புறப்படுத்துவார்கள்.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக நுழைந்து தாசில்தாராக வெளியே வந்தவன் நான். பேசாமல் இருந்துவிடும் வழியைக் கடிதங்கள் எப்போதும் கடைசி வரியில்தான் சொல்லும். படிக்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். என் காலத்தில் பாதிக் கோப்புகள் அந்த வழியில்தான் நல்லபடியாக முடிந்தன. கடிதத்தை மடித்து, துளை போட்டு, 'பார்வைக்கு மட்டும்' என்ற கோப்பில் சேர்த்தேன்.

அனுப்பியவர் காதர் மொய்தீன், கொடைக்கானல் பஜார். பொட்டலத்தின் மேல் தமிழில் எழுதியிருந்ததையும் புகைப்படம் எடுத்துக் கடிதத்தோடு இணைத்திருந்தார்கள். அந்த அலுவலகத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாத இரண்டு வார்த்தை: வெள்ள நிவாரணம்.

2

வெள்ளம் வந்தது உண்மை. மகள் வீடு இருப்பது ஆற்றங்கரை ஊர். மகள் இங்கே வீடு வாங்கியபோதே, புறம்போக்கா, பட்டாவா, ஆற்றுப் படுகை எல்லைக்கல் எங்கே என்று நான் கேட்டேன். ஆற்றுக் காட்சி தெரிகிறதே அப்பா என்றாள். போன கோடையில், ஊர்க் கணக்கில் மாசியில், காட்சி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

எங்களை மேட்டுத் தெருவில் இருந்த பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். மகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டாள். மருமகன் கணினியைத் தூக்கிக்கொண்டார். என் மனைவி சரோஜா அரைத்து வைத்த இட்லி மாவைத் தூக்கிக்கொண்டாள். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டேன். கடவுச்சீட்டு நகல், ஓய்வூதிய ஆணை, உயிர்வாழ் சான்று, மகளின் வீட்டுவரி ரசீது, எல்லாம் வரிசைப்படி, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. இந்தக் குடும்பத்தில் பொறுப்புள்ள ஆள் ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட மார்கரெட் என்ற அம்மாள் எங்களை எதிர்கொண்டார். கோப்பை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. "டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான் விசாரணை.

எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்று எப்படித் தெரியும்? நனையாத தெருக்காரன் ஒருவன் வந்து சூப் குடித்துவிட்டுப் போனால்? என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"போகட்டுமே," என்றார் மார்கரெட். "சூப் நிறைய இருக்கிறது."

அதோடு ஒரு போர்வையையும் நீட்டினார். நான் பின்வாங்கினேன். "நான் பெனிஃபிஷியரி இல்லை. நான் ஓய்வுபெற்ற தாசில்தார்." அது ஏதோ உடல்நலக் கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்.

போர்வையைச் சரோஜா வாங்கிக்கொண்டாள். ஒன்று அல்ல, இரண்டு. "இந்தாங்க, போத்திக்கங்க."

"வேணாம்."

"நனைஞ்ச சட்டையோட உக்காந்திருந்தா நெவாரணம் வாங்காத ஆளுன்னு மெடல் குத்துவாங்களா? கலெக்டரு இங்க வரமாட்டாரு. போத்துங்க."

போர்த்தவில்லை. அதன் பலனாக ஒரு மாதம் இருமினேன். நிலா வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "தாத்தா, இப்ப நாமதான் ஏழைங்களா?" ஏழை வேறு, பாதிக்கப்பட்டவர் வேறு, அரசாணைப்படி இரண்டுக்கும் தனித்தனி வரையறை உண்டு என்று தமிழில் விளக்க ஆரம்பித்தேன். வரையறை முடிவதற்குள் அவள் பந்து விளையாடப் போய்விட்டாள். என் தமிழ் அவளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அரசாணைத் தமிழ் எனக்கே அப்படித்தான் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

3

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே பழகியவனை இந்தப் பக்கம் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். கொடைக்கானல் பக்கம் அடுக்கத்தில், அய்யம்பாளையத்தில், பூம்பாறைக்கு மேலே, எங்கே மழை கொட்டினாலும் அடுத்த நாள் டேப்போடு போய் நின்றவன் நான். வீடு முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்று எழுதுவது என் வேலை. ஒரு சுவர் நின்றாலும் பகுதிச் சேதம்தான். ஒருமுறை ஒருவர் நின்றுகொண்டிருந்த தன் ஒற்றைச் சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்து, பவ்வியமாகக் கேட்டார்: "இதத் தள்ளிவிட்டா முழுச் சேதமாயிருங்களா சார்?" ஆய்வுக்கு முன்னால் தள்ளியிருந்தால் ஆகும், இப்போது ஆகாது என்று சொன்னேன். அவர் என் ஜீப் போகும்வரை அந்தச் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றார்.

இந்த அனுபவத்தைக் கேள்விப்பட்டுத்தான் இங்குள்ள தமிழ்ச் சங்கம் என்னை நிவாரணக் குழுவுக்குப் பொறுப்பாளர் ஆக்கியது. வெள்ளத்துக்கு முந்தின வருடம் ஒரு புயல் மழையில், கேரள எல்லையோரக் கிளாவரைக்குக் கீழே ஒரு குடியிருப்பில் கூரைகள் பறந்துவிட்டன. சங்கத்தில் திரட்டியதைக் கொண்டு தகரம் வாங்கிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. பஜாரில் தார்ப்பாய், கம்பளி, பிளாஸ்டிக் வாளி விற்கும் காதர் பாய் என் பழைய சிநேகிதர். அவர் கடை மாடியில்தான் நான் கொடைக்கானலில் இருந்த காலம் முழுக்கக் குடியிருந்தேன். பட்டுவாடாவை அவரிடம் ஒப்படைத்தேன். கூடவே நிபந்தனைகளையும் அனுப்பினேன். பயனாளி, அதாவது பெனிஃபிஷியரி, ஒவ்வொருவரும் பொருளைக் கையில் பிடித்தபடி புகைப்படம் எடுக்கவேண்டும். பின்னால் சங்கத்தின் பெயர்ப்பலகை தெரியவேண்டும். பொருள் முகத்தை மறைக்கக் கூடாது. முகம் பெயர்ப்பலகையை மறைக்கக் கூடாது.

காதர் பாய் அந்தக் குடியிருப்பிலிருந்தே போன் செய்தார். "சார், தகரம் ஆள் ஒசரத்துக்கு மேல கெடக்கு. அதக் கையில புடிச்சா மூஞ்சி எப்பிடி சார் தெரியும்?"

"பக்கவாட்டுல புடிக்கச் சொல்லுங்க பாய்."

"காத்து அடிக்கிது சார். தகரத்தோட சேந்து ஆளும் கேரளாவுக்குப் போயிரும்."

அப்போது போனை வாங்கிப் பேசியவர்தான் பேச்சியம்மா. பூண்டு, உருளைக்கிழங்கு போடுகிற சம்சாரி. அந்தக் குடியிருப்பின் மகளிர் குழுத் தலைவி. நன்றி சொல்லப்போகிறார் என்று நான் அடக்கமான குரலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஐயா, ஒங்க வீட்டுல அடுத்தாப்புல என்ன விசேசம் வருது?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. திண்டுக்கல், மதுரைப் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ என்றால் செய்முறை செய்வோம் அல்லவா? செய்தவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்தாகவேண்டும். திருப்பிச் செய்யாவிட்டால் அவமானம். செய்ய வந்ததை வாங்காமல் அனுப்பினால் உறவே அற்றுப்போகும். அந்த அம்மாள் சங்கத்தின் தகரத்தை அந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்.

"இது செய்முறை இல்லம்மா, நிவாரணம்," என்றேன்.

"ரெண்டுக்கும் என்னங்கய்யா வித்தியாசம்?"

"நிவாரணத்தைத் திருப்பித் தரவேண்டாம்."

"அப்ப அது எங்களுக்கு வேண்டாங்கய்யா."

காதர் பாய் குறுக்கே புகுந்து காப்பாற்றினார். "பேத்தி இருக்குல்லம்மா தாசில்தாருக்கு! காதுகுத்து வரும், செஞ்சுபுடுவோம். இப்ப தகரத்தப் புடிங்க." நிலாவுக்கு இங்கே ஒரு வணிக வளாகத்தில், ஐஸ்கிரீம் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் எப்போதோ காது குத்தியாகிவிட்டது. மாமன் மடியும் இல்லை, பந்தியும் இல்லை. அதை நான் சொல்லவில்லை. புகைப்படங்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. எல்லோரும் தகரத்துக்குப் பக்கத்தில், தகரத்தைப் போலவே விறைப்பாக நின்றார்கள்.

4

வெள்ளத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று வீட்டில் உத்தரவு போட்டிருந்தேன். இருமல் காட்டிக்கொடுத்துவிட்டது. பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். காதர் பாய் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், மலையேறுற பழைய ஜீப்பு மாதிரி இருமுறீங்க?"

சொல்லவேண்டி வந்தது. மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"சார், குடியிருப்புக்குத் தகவல் சொல்லியாச்சு. பேச்சியம்மாவுக்குச் சந்தோசம்."

"சந்தோஷமா?"

"தப்பா நெனைக்காதீங்க சார். 'அப்பாடா, அவுக வீட்டுலயும் ஒண்ணு வந்துருச்சு'ன்னாங்க. காதுகுத்து வரைக்கும் காத்திருக்க வேண்டாம்ல?"

பூண்டு அனுப்பப்போகிறார்கள் என்றார். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருக்கிற விதைப்பூண்டு. வீட்டுக்குக் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்திருக்கிறார்களாம். நான் இந்த நாட்டின் தாவரப் பாதுகாப்பு விதிகளை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னேன். விதையோ வேரோ மண்ணோ எதுவும் வரக்கூடாது, அனுப்பாதீர்கள் என்றேன். எங்களுக்கு இங்கே அரசாங்கம் எல்லாம் செய்கிறது என்றும் சொன்னேன்.

"ஒங்களுக்குக் குடுக்க மட்டுந்தான் தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். நாங்கள் பழகிய இத்தனை காலத்தில் காதர் பாய் முதலில் போனை வைத்தது அன்றைக்குத்தான்.

சித்திரையில் பொட்டலம் கிளம்பியது. என் இருமலுக்காகத் தன் பங்காக ஒரு பாட்டில் கொடைக்கானல் யூகலிப்டஸ் தைலமும் வைத்திருப்பதாகத் தகவல் அனுப்பினார். யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் நம் மலைக்கே வந்தது. என் ஜன்னலுக்கு வெளியேயே மூன்று நிற்கின்றன. தீப்பற்றக்கூடிய தைலத்தை எந்த விதியின் கீழ் அஞ்சலில் ஏற்றினார் என்று நான் கேட்கவில்லை. விதி எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

5

இப்போது ஐப்பசி. இங்கே வசந்தம், பேத்தி பள்ளிக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போகிறாள். அங்கே மறுபடி மழை, மறுபடி மண்சரிவு. சங்கம் மறுபடி கூடி மறுபடி என்னையே பொறுப்பாளர் ஆக்கியது. தார்ப்பாய் வாங்கிக் காதர் பாய் கடையில் அடுக்கியாகிவிட்டது. குவாரண்டைன் கடிதத்தை நான் கோப்பில் போட்ட மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டார்.

"தார்ப்பாய் போகல சார்."

"ரோடு அடைச்சுக் கெடக்கா?"

"ரோடு தொறந்தாச்சு. அவுக வாங்க மாட்டேங்கிறாக. நாங்க அனுப்புன சாமான் போய்ச் சேந்துச்சான்னு மொதல்ல சொல்லுங்கங்கிறாக. பேச்சியம்மா மக பிள்ளை பெத்துப் படுத்துக் கெடக்கு சார். பச்ச ஒடம்பு. வீடு ஒழுகுது. தொட்டிலுக்கு மேல ஒர மூட்டைச் சாக்கக் கட்டி வச்சிருக்காக."

பேச்சியம்மாவின் எண்ணை வாங்கி நானே பேசினேன். பேச்சுக்குப் பின்னால் மழை தகரத்தில் அடிக்கிற சத்தம். நான் புகைப்படம் எடுக்கச் சொன்ன அதே தகரமாகத்தான் இருக்கவேண்டும். சரிந்த மண் அதில் பாதியை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

"நாங்க விட்டது வந்துச்சுங்களாய்யா?"

"வந்துக்கிட்டே இருக்கும்மா."

"சித்திரையில விட்டது இன்னுமா வந்துக்கிட்டே இருக்கு? நடந்து வந்திருந்தாக்கூட வெரசா வந்திருக்கும்."

"பச்சப்பிள்ளை இருக்குன்னாங்க. தார்ப்பாயை மொதல்ல எடுத்துக் கட்டுங்கம்மா."

"பிள்ளையப் பாக்க நாங்க இருக்கம். ஒண்ணு வாங்கியாச்சு, பதிலுக்குச் செஞ்சது சேரல. அதுக்குள்ள அடுத்ததுக்குக் கைய நீட்டுனா எங்களுக்கு என்ன பேருங்கய்யா? நீங்க சாமானத் தேடுங்க. மழைய நாங்க பாத்துக்கிறம்."

காதர் பாய் பிறகு தனியாக யோசனை சொன்னார்: "வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார், சோலி முடிஞ்சது." என்னால் முடியவில்லை. நேர்மையால் என்று நினைத்துவிடாதீர்கள். பெறாத பொருளுக்குப் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டவர்கள் தணிக்கையில் என்ன ஆனார்கள் என்று பார்த்தவன் நான். அது பயம். அதோடு, பேச்சியம்மா அடுத்த கேள்வியாகவே காரம் எப்படி என்று கேட்டுவிடுவார்.

'பார்வைக்கு மட்டும்' கோப்பை மறுபடி எடுத்தேன். 'உரிமை கோரப்படாத பொருள்' என்ற வரி கண்ணில் பட்டது. ஒரு குடியிருப்பே அடுப்புப் புகையிலிருந்து இறக்கிக் கொடுத்ததை, யாருக்கும் வேண்டாத பொருள் என்று பதிவதற்கு நான் முழு ஒத்துழைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

6

குவாரண்டைன் அலுவலகத்தில் ஓர் இளைஞன் குரல். மிகப் பொறுமையானவன். என்னை நானே போனில் சந்தித்தது போல இருந்தது, பொறுமையைத் தவிர.

"நீங்கள் உரிமையாளரா?"

"பெறுநர்."

"பெறுநர் என்றால் உறையில் பெயர் இருக்கிறது என்றுதான் அர்த்தம், சார். பொருள் உங்களுடையதா?"

"நான் கேட்டு வாங்கவில்லை. அவர்களாக அனுப்பினார்கள். அனுப்பவேண்டாம் என்றுகூடச் சொன்னேன்."

"பரிசுப் பொருளா?"

செய்முறையை ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். கல்யாணம் வரை போனேன், காதுகுத்து வரை போனேன், வெள்ளத்தில் வந்து முட்டிக்கொண்டேன். அவன் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு மறுபடி கேட்டான்: "பொருள் உங்களுடையதா, சார்?"

"எப்படியும் அழிக்கத்தானே போகிறீர்கள்? என்னுடையதாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?"

"யாருடையதும் இல்லை என்றால் நாங்கள் குப்பையை அகற்றியதாகப் பதிவோம். உங்களுடையது என்றால், உங்களுக்கு வந்துசேர்ந்த பொருளை உங்கள் சம்மதத்தோடு அழித்ததாகப் பதிவோம். தைலம் தடை இல்லை. உரிமையாளர் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதை அனுப்பிவைப்போம்."

பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சரோஜாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. என் முகம் நன்றாகவே வரும்.

"என்ன கேக்குறான் அந்தப் பையன்?"

"பூண்டு ஒங்களோடதான்னு கேக்குறான்."

"நம்மளோடதுன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு இப்பிடி முழிக்கிறீங்க? ஒங்களுக்குன்னு ஒருத்தர் ஒண்ணு குடுத்தா வாங்கிக்கத் தெரியாதா? என் கல்யாணத்துல எங்கப்பா போட்ட மோதிரத்துக்கே ரசீது கேட்ட ஆளு!"

ரசீது கேட்கவில்லை. என்ன காரட் என்றுதான் கேட்டேன். ஆனாலும் அன்று மாலையே மின்னஞ்சலில் வந்த படிவத்தை அச்சிட்டு, உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். வழங்குபவர், சரிபார்த்தவர், மேலொப்பமிட்டவர் என்று வாழ்நாளெல்லாம் கையெழுத்துப் போட்ட கை. வாங்கியவன் என்று எழுத இரண்டு பிரதி வீணாயிற்று. பேனாவைக் குறை சொல்லிக்கொண்டேன்.

7

பேச்சியம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். காதர் பாயும் அந்தக் குடியிருப்புக்குப் போயிருந்தார். பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"வந்துருச்சும்மா. ஆனா பூண்டை இந்த ஊரு கவர்மெண்டு எரிக்கப்போகுது."

"எதுக்கு?"

"அதுல நோய் நொடி இருந்தா இங்க வெள்ளாமை கெட்டுப்போயிருமாம்."

"எங்க பூண்டுலயா நோயி?" குரல் உயர்ந்தது. "அவுகள ஒருநா இங்க வந்து பாக்கச் சொல்லுங்க!"

காதர் பாய் சிரிப்பது கேட்டது. "பூண்டப் பாத்து ஒரு கவர்மெண்டே நடுங்குதுல்ல? அது பெருமதானேம்மா!"

பேச்சியம்மா சிரிக்கவில்லை. "ஐயா, ஒங்க பேருல வந்து எறங்குச்சா?"

"எறங்குச்சு. அது என்னோடதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சியம்மா அதை உரக்கத் திருப்பிச் சொல்வது கேட்டது.

"அப்ப சரி. எறக்கி வைக்கிறது எங்க சோலி. அப்புறம் எரிச்சா என்ன, பொதச்சா என்ன. கல்யாணத்துல வைக்கிற வாழைத்தாரு எல்லாத்தையும் மனுசந்தான் திங்கிறானா?"

"தார்ப்பாயை எறக்கிக்கங்கம்மா."

"எறக்கிக்கிறம். நீங்க போட்டா அனுப்புங்க."

"எந்த போட்டோ?"

"சாமானக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டா. பின்னால எங்க குழு பேரு தெரியணும். நாங்க அன்னைக்கு நின்னமுல்ல?"

"சார்," என்றார் காதர் பாய், "சாமான் மூஞ்சிய மறைக்கக் கூடாது. மூஞ்சி பேர மறைக்கக் கூடாது."

விதியை எழுதியவன் நான். விலக்குக் கேட்க வாய் வரவில்லை.

தைலம் இன்னும் தபாலில் இருந்தது. அதனால் பொருளுக்குப் பதிலாகக் குவாரண்டைன் கடிதத்தைப் பிடிப்பதென்று முடிவு. பூண்டு வந்து இறங்கியதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான். நிலா காலை உணவு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் குழுவின் பெயரை எழுதினாள். நான் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படம் வரைவது போல வரைந்தாள். 'ழு'வின் வால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பூ மாதிரி சுருண்டு நின்றது. அதுதான் அவள் எழுதிய முதல் தமிழ். வேலியில் அட்டையை ஒட்டி, முன்னால் நான் நின்றேன். வெயிலில் கண் கூசியது.

"இடது பக்கம் நகருங்க, பேரு மறையுது," என்றாள் சரோஜா போனைத் தூக்கிப் பிடித்தபடி. "கடுதாசிய எறக்குங்க. அந்தச் சிரிப்பு வேணாம். பாதிக்கப்பட்டவரு மாதிரி நில்லுங்க."

தகரத்துக்குப் பக்கத்தில் விறைத்து நின்றவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்று எனக்குத் தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

நாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் போன மார்கரெட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். அட்டையையும் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரிதானே என்று கேட்டார்.

"சரிதான்," என்றேன். "நான் பெனிஃபிஷியரி."

புகைப்படம் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் காதர் பாயிடமிருந்து செய்தி வந்தது. ஜீப்பிலிருந்து தார்ப்பாய் இறங்கிவிட்டது. முதலில் தொட்டில் கிடக்கும் வீட்டுக்குத்தான் கட்டுகிறார்கள். அங்கே படம் எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நேற்றுச் சங்கத்தின் பொருளாளர் கூப்பிட்டு, ஆண்டறிக்கைக்குப் பயனாளிகள் படம் இன்னும் வரவில்லையே, நடைமுறை உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லி, கையில் இருந்த ஒரே படத்தை அனுப்பிவைத்தேன்.